தேயிலை மலைக்கு வேலைக்குப் போற நாளில் செபமும் வேதவாசிப்பும் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

லயத்துவிளக்கு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசன். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஐந்து. மூன்று கத்தோலிக்கம், இரண்டு மெதடிஸ்ட். பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் டவுன் கோயிலுக்குப் போக பஸ் காசும் நேரமும் எப்போதும் சரிவராது.

காலையில் நாலரைக்கு எழும்பினால் ரொட்டி சுட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் காலைக் கூட்டம்) ஓடத்தான் நேரம். பின்னேரம் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு விறகோடு வந்து சேர்ந்தால் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. செபமாலையை இரவு ஏழரைக்குத் தொடங்கினால் மூன்றாம் பத்தில் கண் சொருகும். வேதாகமத்தைத் தொடக்கநூலிலிருந்து வாசிக்கப் போனால் லேவியரில் நின்றுவிடும்.

வீட்டுக்காரர் இந்து. தடுப்பதில்லை, சேருவதும் இல்லை. பிள்ளைகளுக்கு 7 வயதும் 13 வயதும். இன்னும் இரண்டு கேள்வி: அம்மன் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்க்கும்போது என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை (கொழுந்துக்கு அன்றே காசு கிடைக்கும் மேலதிக வேலை) வந்தால் போகலாமா?

நல்ல புத்திமதியைவிட, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எப்படி என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கோயில்மணி (உபதேசியார்) எழுதியது:

தங்கச்சி, "நேரம் கிடைக்கும்போது செபிப்போம்" என்று வைத்தால் தோட்ட வேலையில் அந்த நேரம் ஒருநாளும் வராது. நீங்கள் தினமும் தவறாமல் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு செபத்தைக் கட்டிவிட வேண்டும். அடுப்பு மூட்டாத நாள் உண்டா? மலைக்கு நடக்காத வேலைநாள் உண்டா? அவற்றில்தான் கட்ட வேண்டும்.

அடுப்பில் தீ பிடித்ததும் சிலுவை அடையாளம் போட்டு, அன்றைய வேலை, பிள்ளைகள், வீட்டுக்காரர், பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த அறை வீட்டார்) எல்லாரையும் ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். ஒரு நிமிடம் போதும். காலையில் பத்து நிமிடம் என்று வைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கிழமையே விட்டுவிடுகிறார்கள். ரொட்டி கருகும், பிள்ளைக்கு ஸ்கூல் பிந்தும், பிறகு செபத்தின் மேலேயே எரிச்சல் வரும்.

செபமாலையை ஒரே இருப்பில் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒரு பத்து என்பது விண்ணகத் தந்தை செபம் ஒன்று, அருள்நிறை மரியே பத்து, திரித்துவப் புகழ் ஒன்று. நிதானமாகச் சொன்னால் மூன்று, நாலு நிமிடம். ஐந்து பத்தும் முன் செபங்களும் சேர்ந்தால் இருபது நிமிடம். அதை நாளில் பரப்பிவிடுங்கள். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) மலைக்கு ஏறும் வழியில் முதல் பத்து. தேத்தண்ணி நேரத்தில் இரண்டாவது. வேலை முடிந்து இறங்கும் வழியில் மூன்றாவது. மீதி இரண்டும் இரவில் பிள்ளைகளோடு. தியானிக்கும் மறைபொருள்கள் (இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்ச்சிகள்): திங்கள், சனி மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயரம்; புதன், ஞாயிறு மகிமை; வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்களை 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார். பழைய செபப் புத்தகத்தில் அவை இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம்.

கொழுந்து கிள்ளும்போது செபமாலை மணி பிடிக்க முடியாது. இரண்டு கையும் வேலையில் இருக்கும். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு சிறு வாக்கியம் போதும்: "இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்." மூச்சு உள்ளே போகும்போது பாதி, வெளியே வரும்போது மீதி. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மலையில் கண்ணை மூடிச் செபிக்க வேண்டாம். குளவிக்கூடு செடிக்குள் இருக்கும், மழை நாளில் கான் (வடிகால்) ஓரம் வழுக்கும். கண் திறந்தபடி சொல்லும் செபத்தில் குறை ஒன்றும் இல்லை.

மத்தியானம் கூடையை இறக்கியதும் மூவேளைச் செபம், இரண்டு நிமிடம். இது காலை 6, நண்பகல் 12, மாலை 6 என்று கோயில் மணி அடித்துச் சொன்ன செபம். மணி கேட்காத தோட்டத்தில் கூடை இறக்குவதையே மணியாக வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு பற்றி. குருவானவர் இல்லாததாலோ வேறு பெரிய காரணத்தாலோ பூசைக்குப் போக முடியாவிட்டால், கூடுமானவரை இறைவார்த்தை வழிபாட்டில் பங்கெடுங்கள், அல்லது வீட்டிலோ குடும்பங்கள் கூடியோ ஏற்ற நேரம் செபியுங்கள் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிற்றுக் கடனைத் தீர்க்கும். டவுனில் சனி பின்னேரப் பூசை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை சாமான் வாங்கப் போகிற பஸ்ஸிலேயே வேலை முடிந்துவிடும்.

கைக்காசு: அடுப்பு எரிய அந்தக் காசு தேவை என்றால் போங்கள், மனச்சாட்சியைப் போட்டு வதைக்க வேண்டாம். ஆனால் ஒரு வேலி போடுங்கள். பாதர் வருகிற ஞாயிறு எவ்வளவு கொழுந்து இருந்தாலும் கைக்காசுக்கு இல்லை. அந்தத் தேதியை மாதத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டால், கங்காணி கேட்கும்போது தடுமாறத் தேவையில்லை.

பாதர் வராத ஞாயிறுகளுக்கு ஐந்து வீடும் சேர்ந்து முக்கால் மணி நேர வழிபாடு வைக்கலாம். பாட்டு ஒன்று, மனத்துயர் செபம், அன்றைய வாசகங்கள், ஐந்து நிமிட மௌனம், மன்றாட்டு, ஆண்டவர் கற்பித்த செபம், முடிவுப் பாட்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டு வட்டமாக வரும். எந்த ஆண்டின் வாசகம் என்று குழம்ப வேண்டாம். ஆண்டின் எண்ணை மூன்றால் வகுங்கள். மீதி இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு, லூக்கா. மீதி 1 என்றால் முதல் ஆண்டு, மத்தேயு. மீதி 2 என்றால் மாற்கு. புது வட்டம் சனவரியில் தொடங்காது. அதற்கு முந்திய திருவருகைக் காலத்தின் (கிறிஸ்மசுக்கு முந்திய ஆயத்தக் காலம்) முதல் ஞாயிறிலேயே தொடங்கிவிடும்.

இப்படிக் கூடுவது எங்கே உடைகிறது தெரியுமா? பலகாரத்தில். முதல் வீட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், அடுத்த வீட்டில் வடை, அதற்கடுத்த வீட்டில் கேக். நாலாவது வீட்டில் கையில் காசு இல்லை. "எங்க வீட்டுல முடியாது" என்று சொல்ல வெட்கப்பட்டு அவர்கள் வருவதையே நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே முடிவு பண்ணுங்கள்: எல்லா வீட்டிலும் பிளேன்ரீ (பால் போடாத தேத்தண்ணி) மட்டும். மெதடிஸ்ட் குடும்பங்களும் சேர்ந்தால் ஆண்டவர் கற்பித்த செபத்தின் தமிழ் வாசகம் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும், நடுவில் முட்டிக்கொள்ளும். ஒரு வாரம் இவர்கள் முறை, அடுத்த வாரம் அவர்கள் முறை.

குருவானவர் இல்லாத ஞாயிறு இந்த மலைக்குப் புதிது இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில் புனித யோசேவாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டிக்குப் போனார். தாம் போக முடியாத இடங்களில் செபம் நடத்தவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் பொதுநிலையினரையே அண்ணாவி, மூப்பர் என்று நியமித்தார். 1711 சனவரி 16 கண்டியில் அவர் இறக்கும்போது அந்த வீட்டுச் செபங்கள்தான் சபையைத் தாங்கி நின்றன. உங்கள் ஐந்து வீட்டிலும் ஒரு மூப்பர் இருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம் தங்கச்சி.

பண்டாரவளை மூடுபனி எழுதியது:

சகோதரி, நான் ஆங்கிலிக்கன் சபையில் வாசகர் ஊழியம் செய்கிறவன். வேதவாசிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லேவியராகமத்தில் நிற்பது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. உண்மையில் தளர்ச்சி அதற்கு முன்னே, யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதுவரை கதை ஓடும். அதன்பின் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், அதன்பின் லேவியராகமத்தின் 27 அதிகாரம் முழுக்கப் பலியும் சுத்திகரிப்பும். எபிரெயருக்கு எழுதின நிருபத்தைப் படித்திராத ஒருவருக்கு அந்தப் பலிகள் எதற்கு என்றே பிடிபடாது. அதனால் முதலில் சுவிசேஷம், பிறகு நிருபங்கள், லேவியராகமம் கடைசியில். வரிசை மாறினால் பாவம் இல்லை.

கணக்கு இதோ. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று வாசித்தால் 52 கிழமையில் சரியாக முடியும். சனி, ஞாயிறு தவறிய நாளுக்கு ஈடுகட்ட. முழு வேதாகமத்தையும் ஒரு வருடத்தில் முடிக்கவேண்டும் என்றால் 1,189 அதிகாரம் (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 புத்தகம், ஆகவே இன்னும் கூட). வேலைநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து. மலைக்குப் போகிறவருக்கு இது அதிகம்; இதை எடுத்துத்தான் பலர் தோற்கிறார்கள். நீங்கள் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்குப் பதினைந்து வசனம் என்றால் ஒன்றரை மாதம். சத்தமாக வாசிக்க மூன்று நிமிடம் போகும். உதடு அசையாமல் வாசித்தால் களைத்த உடம்பு தூங்கிவிடும். வாய்விட்டு வாசியுங்கள்.

வாசித்ததும் 80 பக்கக் கொப்பியில் ஒரே வரி எழுதுங்கள். தேதி, அதிகாரம், மனதில் நின்ற சொல். விளக்கம் எழுதப் போனால் ஒரு மாதத்தில் கொப்பி மூலைக்குப் போகும். ஒரு வரி என்றால் வருடம் முழுக்க நிற்கும், பின்னால் புரட்டிப் பார்க்கும்போது எந்த மாதத்தில் எதற்காக ஏங்கியிருந்தீர்கள் என்று தெரியும்.

இந்தப் பதினைந்து வசனக் கணக்கில் தவறிய நாளைச் சேர்த்து வாசிக்கப் போகாதீர்கள். மூன்று நாள் தவறினால் நாற்பத்தைந்து வசனம் பாக்கி, நாலாம் நாள் அறுபது. அந்தக் கடன் பயத்திலேயே புத்தகத்தைத் திறக்க மனம் வராது. தவறியது தவறியதுதான். இன்றைய தேதிக்கு இன்றைய பதினைந்து.

சங்கீதம் தனியாக ஓடட்டும் (உங்கள் மொழிபெயர்ப்பில் திருப்பாடல், ஒரே புத்தகம்தான்). 150 சங்கீதம். படுக்குமுன் ஒன்று என்றால் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று. 119ஆவது மட்டும் 176 வசனம். எட்டு எட்டு வசனமாக 22 பகுதி இருக்கிறது, நாளுக்கு ஒரு பகுதி எடுங்கள்.

எங்கள் மலைக்கே உரிய ஒரு தொல்லை: ஈரம். ஆடி மழையில் வேதாகமம் பூஞ்சணம் பிடித்து ஓரம் கறுத்துவிடும். ஈரம் இருக்கும்போதே பொலித்தீன் உறையில் போட்டு மூடினால் இன்னும் கெடும், ஈரம் உள்ளே அடைபடும். வெயில் வருகிற காலையில் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) விரித்து வைத்து, பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் வெளிப்பக்கமாகத் துடைத்து, ஐம்பது பக்கத்துக்கு ஒரு பத்திரிகைத் தாள் வைத்து ஈரம் உறிஞ்ச விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் துணியில் சுற்றி வையுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் காயும்தான், ஆனால் புகை ஏறித் தாள் மஞ்சளாகி ஒடியும்.

போனில் வேதாகமம் வாசிக்கிறவர்கள் பிளைட் மோட் போட்டுவிட்டு வாசியுங்கள். மூன்றாம் வசனத்தில் வட்ஸ்அப் சத்தம் கேட்டால் கை தானாகப் போய்விடும். ஒலி வடிவத்தை டவுனில் வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் சமைக்கும்போது கேட்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிமார் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது பெரிய உபகாரம். 1854இல் கோப்பிக் காலத்துத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோதும் உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போய் வசனத்தைச் சொல்லிக் கேட்கவைத்தார்கள். காதால் கேட்கிற வசனமும் வசனம்தான்.

ஊவாக்காற்று எழுதியது:

அக்கா, ஞாயிறு பாடசாலைப் பக்கமிருந்து பிள்ளைகளைப் பற்றியும் வீட்டு ஐயாவைப் பற்றியும் எழுதுகிறேன்.

இரவுச் செபம் டீவி நாடகம் தொடங்குமுன் முடிந்துவிட வேண்டும். நாடகத்துக்குப் பிறகு என்றால் சின்னவன் தூங்கியிருப்பான், பெரியவளுக்கு ஹோம்வேர்க் இருக்கும். சோறு உலையில் கொதிக்கும் நேரம் நல்ல நேரம். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள், மணிக்கூட்டைப் பார்த்தே வையுங்கள். பாட்டில் ஒரு சரணம், உங்கள் பதினைந்து வசனம், பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வாக்கியம் செபம், கர்த்தர் கற்பித்த செபம். செபமாலையின் அந்த இரண்டு பத்தும் சேர்ந்தால் இருபது நிமிடம் ஆகிவிடும். அதனால் வசனம் வாசிக்கிற நாளில் ஒரு பத்து மட்டும் வைத்து, பாட்டை விட்டுவிடுங்கள்.

ஏழு வயசுக்காரனுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க முடியாது. அவனுக்கு வேலை கொடுங்கள்: விளக்கு கொண்டு வருவது, வாசிக்கும்போது அந்தக் கதையை பென்சிலால் கீறுவது. பதின்மூன்று வயசுக்காரிக்கு வாசிக்கிற பொறுப்பு. அவள் "இது உண்மையா அம்மா?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "எனக்கும் தெரியல்ல, பாதர் வந்தா கேப்போம்" என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதி, பாதர் வரும் ஞாயிறு அவள் கையிலேயே கொடுத்துக் கேட்க வையுங்கள். கேள்வியை அடக்கிய பிள்ளைதான் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் கோயிலை மறக்கிறது.

கிழமைக்கு ஒரு வசனம் மனப்பாடம். பிஸ்கட் பெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, முகம் கழுவும் தண்ணீர் பீப்பாய்க்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். திங்கள் முழுதாக. செவ்வாயிலிருந்து தினமும் இரண்டு சொல்லின் மேல் பேப்பர்த் துண்டு ஒட்டி மறையுங்கள். சனிக்கிழமை அட்டையில் இருக்கிற சொல்லைவிட மறைந்த சொல்தான் கூட. வருடத்துக்கு 52 வசனம். வசனம் நீளமென்றால் பாதியை எடுங்கள்.

ஸ்கூல் விஷயம் ஒன்று. சமயம் சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயப் பாடம். கத்தோலிக்கருக்கும் ஏனைய கிறிஸ்தவருக்கும் தனித்தனி அரச பாடநூல் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் ஸ்கூலில் கிறிஸ்தவ சமயம் படிப்பிக்க ஆள் இல்லை என்றால் பத்தாம் வகுப்பு வரும்வரை பொறுக்காதீர்கள். ஆறாம் வகுப்பிலேயே அதிபரிடம் புத்தகத்தைக் கேட்டு எடுத்து, சனிக்கிழமை ஒரு மணி நேரம் உபதேசியாரிடமோ ஞாயிறு பாடசாலை ரீச்சரிடமோ படிக்கவிடுங்கள்.

இனி வீட்டு ஐயா. லயத்துச் சுவர் மெல்லிசு அக்கா. "ஆண்டவரே, என் புருசனை மாத்தும்" என்று சத்தமாகச் செபித்தால் பக்கத்து மூன்று காம்பராவும் கேட்கும், அவருக்கும் அது அவமானம். அவரைப் பற்றிச் சத்தமாகச் சொல்கிற செபம் நன்றியாக மட்டும் இருக்கட்டும்: அவர் தண்ணி தூக்கியதுக்கு, பிள்ளைக்கு மருந்து வாங்கியதுக்கு. மற்றதை மனதுக்குள் சொல்லுங்கள். 1 பேதுரு 3ஆம் அதிகாரம் முதல் இரண்டு வசனம், விசுவாசிக்காத கணவனை ஆதாயப்படுத்துவது போதனையில்லாமல் நடக்கையினாலே என்றுதான் சொல்கிறது. தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் வழியாக. அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் பவுலுக்கு மகன் மாதிரி ஓர் ஊழியக்காரன் வந்தான்.

திருவிழாக் காசு. இதில் சபைக்குச் சபை வழக்கம் வேறு, உங்கள் பாதரிடம் கேட்டே முடிவு பண்ணுங்கள். பலர் கடைப்பிடிக்கிற வழி இது: பூசைக்கும் நேர்த்திக்கும் என்று இல்லாமல் அன்னதானத்துக்கோ லைட்டுக்கோ தண்ணீருக்கோ கொடுப்பது. அரிசியாகவே கொடுத்துவிட்டால் மனசுக்கும் தெளிவு. முக்கியமான விசயம், வாசலில் ஆட்கள் கொப்பியோடு வந்து நிற்கும்போது இதைப் பேசாதீர்கள்; அப்போது எது சொன்னாலும் சண்டைதான். ஒரு கிழமைக்கு முன்னாலேயே கோயில் தலைவரைத் தனியாகக் கண்டு மரியாதையாகச் சொல்லுங்கள். படைத்த சாப்பாடு பற்றி 1 கொரிந்தியர் 8ஆம், 10ஆம் அதிகாரங்களைப் பாதரோடு இருந்து வாசியுங்கள். பவுல் அங்கே சாப்பாட்டைவிட பக்கத்தில் இருக்கிறவனின் மனச்சாட்சியைத்தான் அதிகம் பேசுகிறார். வீட்டு ஐயாவின் குடும்பத்துத் திருவிழா அது. பிள்ளைகள் முன்னால் அதை இழித்துப் பேசினால் அப்பாவையே இழித்த மாதிரி.

கோயில்மணி:

ஊவாக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திருமணம் கோயிலில் உரிய அனுமதியோடு நடக்கவில்லை என்றால் அதைப் பாதரிடம் தனியாகச் சொல்லுங்கள். திருமுழுக்கு பெறாதவரைத் திருமணம் செய்ய ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து விலக்களிப்பு (சிறப்பு அனுமதி) வேண்டும். அது இல்லாமல் நடந்த திருமணத்தையும் பிறகு முறைப்படுத்த வழி உண்டு. வீட்டுக்காரர் மதம் மாறத் தேவையில்லை. இது தெரியாமல் வருடக்கணக்காக நற்கருணை வாங்காமல் கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிற பெண்கள் நிறையப் பேர் இந்த மலையில் இருக்கிறார்கள். அதை நினைத்தால் மனசு வலிக்கும். ஒரு பேச்சில் தொடங்கிவிடலாம்.

நோர்வூட் தம்பி எழுதியது:

கோயில்மணி அண்ணே சொன்ன ஒழுங்கு நல்லது. ஆனால் அடுப்படி, மலை, கூடை, இரவு என்று எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் நிற்காது. முதல் ஆறு கிழமைக்கு இரண்டு மட்டும்: அடுப்படி ஒரு நிமிடம், இரவுப் பன்னிரண்டு நிமிடம். அவை பழகியபின் மலைப் பத்து, அதன்பின் மூவேளை.

விளக்கு விஷயம். படத்துக்கு முன்னால் மெழுகுதிரியைப் பலகையில் ஒட்டிவைத்துவிட்டுத் தூங்காதீர்கள். லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரே கூரை. ஒரு திரை பற்றினால் வரிசையே போகும். பால்மா டின்னில் பாதிக்கு மணல் போட்டு நடுவில் மெழுகுதிரியை நட்டு வையுங்கள். செபம் முடிந்ததும் ஊதி அணைப்பதை சின்னவன் வேலையாக்குங்கள்.

தவக்காலத்துக்கும் ஒரு சொல். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி: ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு சாப்பாடு. 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும்வரை இது கடமை. இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய், சீனி வியாதிக்காரர் இதற்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. முழுக் கூடை சுமந்து ஏறும் நாளில் தலைசுற்றி விழுந்தால் அது தவம் ஆகாது. பாதரிடம் கேட்டு வேறு ஒறுத்தலாக மாற்றிக்கொள்ளலாம்.

லயத்துவிளக்கு:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அடுப்படியும் இரவும் என்று தொடங்குகிறேன். ஒன்று மட்டும் இன்னும் கேட்க வேண்டும். நேரம் வைத்து, முறையாகச் செபித்தும் மனசு காய்ந்த மாதிரி இருந்தால்? வாய் சொல்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அப்படிச் சொல்கிற செபம் கள்ளச் செபமா?

பண்டாரவளை மூடுபனி:

இல்லை சகோதரி. ஒன்றும் உணராதபோதும் போய் நிற்பது கள்ளம் ஆகாது. சங்கீதம் 13 எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார். சங்கீதம் 88 இன்னும் கடுமை. கடைசி வரி வரைக்கும் இருட்டுத்தான், ஆறுதலாக முடிவதே இல்லை. அதையும் சபை செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறது என்றால், காய்ந்த மனசுக்கும் ஆண்டவர் முன்னிலையில் இடம் உண்டு. சொந்த வார்த்தை வராத நாளில் இந்த இரண்டில் ஒன்றை வாய்விட்டு வாசித்துவிட்டுப் படுங்கள். அதுவும் முடியாவிட்டால் மாற்கு 9:24: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பிள்ளைக்குச் சுகமில்லாத ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னது. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

கோயில்மணி:

காரணத்தையும் ஒருமுறை பாருங்கள் தங்கச்சி. யாரோடாவது பேச்சு நின்றிருக்கிறதா? மனதில் ஒரு பாவம் அடைத்துக்கொண்டு இருக்கிறதா? அப்படியென்றால் பாதர் வரும் ஞாயிறு பூசைக்கு அரை மணி முன்னாலேயே போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். பூசை முடிந்தபின் என்றால் அவர் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் அது வெறும் களைப்பு. இரவுச் செபத்தை எட்டு நிமிடமாகக் குறைத்து, சனிக்கிழமை அரை மணி முந்தித் தூங்குங்கள். ஆனால் ஒன்று: நித்திரையே வராமல், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது உடம்புக்கும் மனசுக்கும் வந்த நோயாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். டொக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை.

ஊவாக்காற்று:

அக்கா, அந்தக் காய்ந்த நாளில் பிள்ளைகளைச் செபிக்க விடுங்கள், நீங்கள் கேட்டுக்கொண்டு இருங்கள். "ஆமென்" மட்டும் சொன்னால் போதும்.

லயத்துவிளக்கு:

சரி. திங்கட்கிழமை மாற்கு முதல் அதிகாரம். மகளிடம் சொல்லிவிட்டேன், அவள்தான் வாசிக்கிறாள்.

பண்டாரவளை மூடுபனி:

முதல் அதிகாரத்தில் 45 வசனம் இருக்கிறது. மகள் ஆர்வத்தில் ஓடிவிடுவாள். முதல் நாள் 15ஆம் வசனத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். யோவான் காவலில் வைக்கப்பட்டபின் இயேசு கலிலேயாவுக்கு வருகிற இடம் அது. செவ்வாய்க்கிழமை 16இல் மீனவர்களோடு தொடங்கலாம்.